முப்பத்திரண்டு விளக்கு வீடு

நங்... நங்... நங்...

இருட்டின பிறகு இப்படி ஒரு சத்தம். கேட்டவள் மணலரசி. கேட்ட ஊர் தனிமபுரி. காலம் எது என்கிறீர்களா? பொன் இன்னும் கழுத்தில் ஏறாத காலம். இரும்பு இன்னும் கலப்பையில் நுழையாத காலம். உப்புகூட ஊருக்குள் உப்பாகாமல், இரண்டு வீட்டு ஆட்களாகத் தனித்தனியே நடமாடிக்கொண்டிருந்த காலம். அவ்வளவு பழைய காலத்தில், ஓர் இரவு, நங்... நங்... நங்...

சத்தம் கொஞ்சம் காத்திருக்கட்டும். ஊரைப் பார்த்துவிட்டு வருவோம்.

தனிமபுரியில் வீட்டுக்கு ஒரே ஓர் ஆள். ஆனால் வீடு பெரியது. கொடியேற்றத்தன்று ஊர் கூடுகிற மாதா கோயில் மைதானம் அளவு பெரியது. அதன் நட்டநடுவே, ஜெபமாலை மணி அளவில் ஒரு விளக்கறை. வீட்டின் பாரம் முழுக்க அந்த மணிக்குள்தான். உள்ளே விளக்குகள் எரியும். விளக்குகள் ஒன்றையொன்று தள்ளிவிடாமல் இருக்க, நடுநடுவே ஒளியில்லாத கூழாங்கற்களைச் செருகியிருக்கும். வெளியே, அவ்வளவு பெரிய வெறும் வெளியில், மின்மினிகள் சுற்றுச்சுற்றாகப் பறக்கும். விளக்கு எத்தனையோ அத்தனை மின்மினி. ஒரு விளக்கானால் ஒரு மின்மினி. எட்டு விளக்கானால் எட்டு மின்மினி. விளக்கின் எண்ணிக்கைதான் வீட்டின் எண். ஆள் எங்கே போனாலும் விளக்கும் மின்மினியும் கூடவே போகும்.

ஒன்று, இரண்டு, மூன்று என்று இடமிருந்து வலமாக வீடுகள் வரிசையாக நிற்கும். ஒரு வரிசை முடிந்தால் கீழே அடுத்த வரிசை. மேலிருந்து கீழே இறங்குவது தெரு. ஒரு தெருவில் இருக்கிறவர்களுக்கெல்லாம் ஒரே ஜாடை, ஒரே குணம். காரணம், அவர்களுடைய கடைசிச் சுற்றில் பறக்கும் மின்மினிகள் ஒரே கணக்கு.

முதல் தெருக்காரர்களுக்குக் கடைசிச் சுற்றில் ஒன்றே ஒன்று. "இந்தா, எடுத்துக்கோ, எடுத்துக்கோ" என்று அதைத் தள்ளிவிடத் துடிப்பார்கள். ஏழு உள்ளவர்கள் தெருவில் ஓயாத ஏக்கம். "இன்னும் ஒண்ணு, ஒண்ணே ஒண்ணு" என்று கண்டவர்களிடமெல்லாம் பறிப்பார்கள். எட்டு இருந்தால் சுற்று நிறைந்துவிடும்; அப்படி எட்டும் நிறைந்தவர்கள் கடைசித் தெருவில். அவர்களுக்கு யாரும் வேண்டாம். வணக்கம் சொன்னால்கூடப் பதில் வராது. மணலரசி தெருவுக்கு நாலு. பாதி நிறைவு, பாதி காலி. கொடுத்துவிடவும் மனசு வராது, பறிக்கவும் மனசு வராது. நாலு கையை நீட்டி, "நீ என்னைப் பிடிச்சுக்கோ, நான் உன்னைப் பிடிச்சுக்கறேன்" என்பார்கள்.

மணலரசி பதினாலாம் வீட்டுக்காரி. சாம்பல் நிறம், கண்ணாடி மினுக்கு. ரொம்பப் பயந்தவள். காற்றடித்தால் பயம், காற்று நின்றால் அதைவிடப் பயம். அவள் வீட்டுக்கு நேர் கீழே, அதே தெருவில், ஒரு மனை காலியாகக் கிடந்தது. இடது பக்கம் முப்பத்தொன்றாம் வீடு. வலது பக்கம் முப்பத்துமூன்றாம் வீடு. கீழே ஐம்பதாம் வீடு. நடுவில் நாலு எல்லைக்கல்லும் வெறும் தரையும்.

அது யார் மனை? யாருக்கும் தெரியாது. மணலரசிக்கும் தெரியாது. ஆனால் தினமும் சாயங்காலம் விளக்குமாற்றோடு இறங்கிப் போய் அதைப் பெருக்கிவிட்டு வருவாள். ஏன் என்று கேட்டால், "தெரியல. கை தானாப் போகுது" என்பாள்.

அவளுக்கு ஒரு மகள் இருந்தாள். வெள்ளிமலையில் இருக்கும் கலவைக்கூத்தன் என்கிற மந்திரவாதி அவளைத் தூக்கிப் போனபோது, பெயரை ஊர் வாயிலிருந்தும் முகத்தை ஊர் கண்ணிலிருந்தும் வழித்தெடுத்துக்கொண்டு போய்விட்டான். பெற்றவள் கண்ணிலிருந்தும் எடுத்துவிட்டான். ஏக்கத்தை மட்டும் அவனால் எடுக்க முடியவில்லை. அதற்குப் பெயருமில்லை, முகமுமில்லை. எதைப் பிடித்து இழுப்பான்?

சரி, இப்போது சத்தத்துக்கு வருவோம்.

நங்... நங்... நங்...

மணலரசி போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டாள். நங். காதைப் பொத்திக்கொண்டாள். நங். சத்தம் காலி மனைப் பக்கமிருந்து வருகிறது என்று தெரிந்ததும் எழுந்து ஓடினாள். பயம் போகவில்லை. அதையும் இடுப்பில் தூக்கிக்கொண்டுதான் ஓடினாள்.

அங்கே நாலு ஆட்கள் கடப்பாரையால் எல்லைக்கல்லைப் பெயர்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் கம்பத்தைக் கட்டிப்பிடித்தபடி ஊர்த்தலைவர் நீரகத்தார். அவர் முதலாம் வீட்டுக்காரர். ஒரே விளக்கு, ஒரே மின்மினி. ஊரிலேயே லேசான ஆள். பிடியை விட்டால் மேலே போய்விடுவார்.

"தலைவரே, கல்லை ஏன் பிடுங்கறீங்க?"

"ஒண்ணுமில்லம்மா, நீ போய்ப் படு."

"ஒண்ணுமில்லாததுக்கா கடப்பாரை?"

நீரகத்தார் கனைத்துக்கொண்டார். "இப்படிக் காலியா எத்தனை நாளைக்குப் போட்டு வைக்கிறது? ஊரே பல்லு விழுந்த வாய் மாதிரி இருக்கு. அதான், முப்பத்துமூணுலேர்ந்து எல்லாரும் ஆளுக்கொரு வீடு இந்தப் பக்கம் நகர்ந்து உக்காருங்கன்னு சொல்லிட்டேன். நெருக்கி உக்காந்தா அழகா இருக்கும்."

"இதைப் பகல்ல செய்யக் கூடாதா?"

"பகல்ல செஞ்சா நீ அழுவே. எனக்குப் பாக்க முடியாது."

மணலரசி அழவில்லை. கல்லின் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"தலைவரே, கொஞ்சம் யோசிங்க. முப்பத்துமூணாம் வீட்டுப் பாஷாணத்தார் நகர்ந்து என் தெருவுக்கு வருவாரு. அவரைப் பாத்தா என் வீட்டுப் பிள்ளை மாதிரியா இருக்கு? ஒண்ணுக்காகப் பறக்கற முப்பத்தஞ்சாம் வீட்டுக்காரன், ரெண்டு வேணும்ங்கறவங்க தெருவுக்குப் போவான். யாரோடயும் பேசாத முப்பத்தாறு, பறிக்கறவங்க தெருவுல போய் மாட்டிக்கும். அந்த முப்பத்தேழாம் வீட்டு ருபிடியம் இருக்கானே, தண்ணி பட்டாலே தீப்பிடிக்கிறவன், அவனைக் கொண்டுபோய் பேசாதவங்க தெருவுல உக்கார வைப்பீங்களா? முத நாள் வாசல் தெளிக்கறப்பவே தெரு போயிடும்."

கடப்பாரைக்காரர்களில் ஒருவன் சிரித்துவிட்டான். தலைவர் அவனை முறைத்தார்.

"சரிம்மா. அதுக்காக இல்லாத ஆளுக்கு இடம் விடறதா?"

"இல்லாத ஆள் இல்ல, வராத ஆள். என் பொண்ணுன்னு மனசு சொல்லுது. இடம் இருந்தா ஆள் இருக்கும்."

"உனக்குப் பிள்ளையே கிடையாதேம்மா."

மணலரசி கல்லிலிருந்து எழுந்திருக்கவில்லை. விடியும்வரை பார்த்துவிட்டு நீரகத்தார் சொன்னார்: "மூணு நாள். மூணாம் நாள் பொழுது சாயறதுக்குள்ள ஆளைக் கொண்டா. இல்லேன்னா ஊரு நகரும். அப்புறம் அவளே வந்தாலும் அவளுக்கு இங்க இடம் கிடையாது."

முகம் தெரியாத பிள்ளையை எங்கே போய்த் தேடுவது? யாரைப் பார்த்து "நீதானா?" என்று கேட்பது? மணலரசி காலி மனையின் நடுவே நின்று சுற்றிலும் பார்த்தாள். இடது பக்கம் ஒரு வீடு, கீழே ஒரு வீடு, வலது பக்கம் ஒரு வீடு. இவர்கள் நடுவில் வாழ்ந்தவள் எப்படி இருந்திருப்பாள்?

முதலில் இடது பக்கம் போனாள். முப்பத்தொன்றாம் வீட்டு உருகாயி பார்க்க வெள்ளி மாதிரி இருப்பாள். ஆனால் உள்ளங்கைச் சூடு பட்டாலே உருகி வழிந்துவிடுவாள். அதனால் தள்ளி நின்றே பேசினாள்.

"எனக்குப் பேரு ஞாபகமில்லக்கா. ஆனா ஒண்ணு. சாயங்காலத்துல நான் உருகிப் போய் அந்தச் சுவர்ல சாஞ்சா, மறுபக்கம் யாரோ கெட்டியா நிக்கற மாதிரி இருக்கும். அவ உருகமாட்டா. அந்தக் குளிர்ச்சியில நான் மறுபடி கெட்டியாவேன். இப்பல்லாம் சாஞ்சா காத்துதான்." சொல்லும்போதே அவள் ஒரு விரல் சொட்டிவிட்டது.

பிறகு கீழே போனாள். ஐம்பதாம் வீட்டு வெள்ளீயக்கா குனிந்து கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் உடம்பை வளைத்தாலே உள்ளிருந்து அழுகிற மாதிரி ஒரு முனகல் கேட்கும். அது பிறவிச் சுபாவம்.

"நான் வளைவேன் மணலு. நீ வளையமாட்டே, உடைவே. இந்த மேல்மனையில இருந்தவளும் உன் ரகந்தான். அது நிச்சயம். உன்னைவிடக் கனம், என்னைவிட லேசு. மேலேயிருந்து அவ காலடி கேக்கும், சரியா நம்ம ரெண்டு பேருக்கும் நடுப்பட்ட கனம்." வெள்ளீயக்கா நிமிர்ந்தாள், முனகினாள். "கேட்டு எவ்வளவு நாளாச்சு."

கடைசியாக வலது பக்கம். முப்பத்துமூன்றாம் வீட்டுப் பாஷாணத்தார் வாசலில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். அவர் வீட்டில் யாரும் பச்சைத் தண்ணீர் குடிக்கமாட்டார்கள். அவர் கை பட்டதைத் தொடமாட்டார்கள்.

"வா. தண்ணி வேணுமான்னு கேக்கமாட்டேன், கேட்டா ஓடிடுவே," என்றார்.

"மாமா, நீங்களும் நகரப் போறீங்களா?"

"எனக்கா ஆசை? தலைவரு சொன்னாரு." மூட்டையை ஓர் உதை விட்டார். "எனக்கும் ஒண்ணும் ஞாபகமில்ல. ஆனா இந்த வேலிக்கு அந்தப் பக்கமிருந்து யாரோ என்கிட்ட பேசுவாங்க. பயப்படாம. அது மட்டும் தெரியும். என்கிட்ட யாரு பேசினாலும் நான் மறக்கறதில்ல." பிறகு குரலைத் தாழ்த்தினார். "எங்க சொந்தக்காரங்க பாதிப்பேரு வெள்ளிமலைக் கல்லுலதான் கிடக்கறாங்க. அவங்க சொல்லிக்கறாங்க, அங்க ஒரு கல்லு இருக்காம். நூறு பங்கு எடை. ஆனா உள்ள இருக்கறவங்களைப் பிரிச்சுக் கூட்டினா நூறு வரமாட்டேங்குதாம். போய்ப் பாரு."

மணலரசி கிளம்பினாள். போகும் வழியில் இருட்டுக்குப் பயந்தாள், உச்சி வெயிலுக்குப் பயந்தாள், தன் காலடிச் சத்தத்துக்கே பயந்தாள். பயந்துகொண்டே நடந்தாள். இரண்டாம் நாள் பகலில் வெள்ளிமலை வந்தது.

குகை வாசலில் கலவைக்கூத்தன் உட்கார்ந்திருந்தான். துருப்பிடித்த தாடி, உப்புக்கல் கண், மணல் வயிறு. ஒரு பக்கம் பார்த்தால் ஈயம் தெரியும். மறுபக்கம் பார்த்தால் கரி தெரியும். அவன் உடம்பில் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் இருந்தது, எதுவும் முழுசாக இல்லை. அவனுக்கு வீட்டு எண் கிடையாது.

"யாரு நீ?"

"பதினாலாம் வீட்டுக்காரி."

"என்ன வேணும்?"

"என் பொண்ணு."

"பேரு?"

"தெரியாது."

"முகம்?"

"தெரியாது."

"எப்ப காணாமப் போனா?"

"தெரியாது."

தாடியிலிருந்து துரு உதிர உதிரச் சிரித்தான். "பேரு தெரியாது, முகம் தெரியாது! பொண்ணு இருக்கான்னு மட்டும் எப்படித் தெரியும்?"

"அவ இடம் காலியா இருக்கு. இடம் இருந்தா ஆள் இருக்கும்."

அவன் சிரிப்பு நின்றது. உள்ளே போய் ஒரு கருங்கல்லைக் கொண்டுவந்து தராசில் வைத்தான். முள் நூறில் நின்றது.

"இதுக்குள்ள யாரெல்லாம் இருக்காங்களோ பிரிச்சு எடு. எடுத்தவங்களைத் தராசுல ஏத்து. நூறு வந்தா அத்தனை பேரும் உன்னோட வரலாம். மூணு தடவை செஞ்சு பாக்கலாம். வரலேன்னா நீ இங்கேயே இருந்துடணும். நாலு கைக்காரிங்க எனக்கு எப்பவும் தேவை. எட்டுப் பேரையும் ஆறு பேரையும் சேத்துக் கட்டணும்னா நடுவுல ஒரு நாலு கைக்காரி இல்லாம கல்லு நிக்காது."

வாய் தவறிச் சொல்லிவிட்டான். மணலரசி அதை மனசுக்குள் முடிந்துவைத்துக்கொண்டாள்.

முதல் தடவை கல்லைத் தீயில் வாட்டினாள். நீலச் சுடரோடு இருமிக்கொண்டே ஆறு கந்தகப் பிள்ளைகள் வெளியே வந்தார்கள். "அப்பாடா, என்ன புழுக்கம்!" என்றான் ஒருவன். பின்னாலேயே எட்டு வெள்ளிப் பெண்கள் ஜொலித்துக்கொண்டு வழிந்தார்கள். தராசில் ஏற்றினாள். கந்தகம் பதினேழு, வெள்ளி எழுபத்தாறு. மொத்தம் தொண்ணூற்றுமூன்று.

"ஏழு குறையுது," என்றான் கலவைக்கூத்தன். "சிந்திட்டே." கை தட்டினான். எல்லோரும் கல்லுக்குள் திரும்பிப் போய்விட்டார்கள்.

இரண்டாம் தடவை முந்தானையை விரித்து, அதன் மேல் கல்லை வைத்து, தூசிகூடத் தப்பாமல் பிரித்தாள். கந்தகம் பதினேழு, வெள்ளி எழுபத்தாறு. தொண்ணூற்றுமூன்று.

"மறுபடியும் சிந்திட்டே." கை தட்டினான்.

மூன்றாம் தடவை மூச்சைக்கூட விடவில்லை. விரல் நுனியால் ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து இறக்கினாள். பதினேழு. எழுபத்தாறு. தொண்ணூற்றுமூன்று.

முள் அங்கேயே நின்றது. மணலரசி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"அழாதே," என்றான் கலவைக்கூத்தன், ரொம்பக் கரிசனமாக. "உனக்கு முன்னாடி எத்தனையோ பேர் வந்து பாத்தாங்க. எல்லாருக்கும் இதே தொண்ணூத்திமூணு. தங்க கை சரியில்லைன்னு தங்களையே திட்டிக்கிட்டு இறங்கிப் போனாங்க. அவங்களுக்கு நாலு கை இல்ல, விட்டுட்டேன். உன் கையும் சரியில்ல, அவ்வளவுதான்."

மணலரசி தன் கையைப் பார்த்தாள். ஊர் முழுக்கத் தன்னைப் பைத்தியம் என்றபோதும் விடாமல் அந்த மனையைப் பெருக்கின கை. மெதுவாகத் தலையை நிமிர்த்தினாள்.

"எல்லாருக்குமே ஏழா குறைஞ்சது?"

"ஆமா."

"எனக்கும் மூணு தடவையும் ஏழு. சிந்தினா ஒருதடவை மூணு சிந்தும், ஒருதடவை ஒன்பது சிந்தும். எத்தனை கை மாறினாலும் அதே ஏழு எப்படிச் சிந்தும்?" எழுந்து நின்றாள். "இது சிந்தினது இல்ல. இது ஆள். எட்டையும் ஆறையும் சேத்துக் கட்டறதா நீயே சொன்ன நாலு கைக்காரி."

கலவைக்கூத்தனின் உப்புக்கண் வெளிறிப் போனது.

"ஆளா? எங்க? காட்டு பாக்கலாம்! பேரு தெரியாதவளை என் தராசு காட்டாது."

"பேரு தெரியாது. ஆனா அவ யாருன்னு தெரியும்." மணலரசி தராசின் காலி ஓரத்தைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள். அங்கே யாரும் இல்லை. ஆனாலும் எதிரில் பிள்ளை உட்கார்ந்திருக்கிற மாதிரிப் பேசினாள்.

"நீ என் ஜாடை. சாம்பல் வெளுப்பு, மேலே மினுக்கு. இந்தப் பக்கத்து உருகாயி மாதிரி உருகமாட்டே. கீழ்வீட்டு வெள்ளீயக்கா மாதிரி வளையமாட்டே. என்னை மாதிரி உடைவே. என்னைவிடக் கனம், அக்காவைவிட லேசு."

தராசுத் தட்டு இரண்டு பங்கு தாழ்ந்தது.

"உனக்குக் கடைசிச் சுற்றில் நாலு மின்மினி. நாலு கை. யாரும் தொடாத பாஷாணத்தாரோடகூடப் பேசுவே. உன்னைக் கூட்டிட்டுப் போகணும்னா பறிச்சுட்டும் போக முடியாது, விலக்கிவிடவும் முடியாது, கையைப் பிடிக்கணும்."

இன்னும் இரண்டு பங்கு தாழ்ந்தது. காற்றில் நாலு சின்னக் கைகள் மங்கலாகத் தெரிந்தன.

"உன் விளக்கறையில எத்தனை விளக்குன்னு நான் எண்ணிப் பாத்ததில்ல. எண்ண வேண்டியதும் இல்ல. முப்பத்தொண்ணு உன் இடது பக்கம், முப்பத்துமூணு உன் வலது பக்கம். ரெண்டுக்கும் நடுவுல இன்னொரு எண்ணு கிடையாது. நீ முப்பத்திரண்டு. முப்பத்திரண்டு விளக்கு, முப்பத்திரண்டு மின்மினி. வா."

தட்டு மூன்று பங்கு இறங்கியது. முள் நூறைத் தொட்டது. தட்டில் ஒரு பெண் குழந்தை, சாம்பல் வெளுப்பு முகம், மினுங்குகிற கன்னம், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

கலவைக்கூத்தன் கத்திக்கொண்டு குழந்தை மேல் பாய்ந்தான். பலங்கொண்ட மட்டும் ஊதினான். "விளக்கை அணைச்சா நீ நீயில்ல!" மின்மினிகள் சிதறிப் பறந்தன, பதறிப் பறந்தன, பிறகு ஒவ்வொன்றாகத் தம் சுற்றுக்குத் திரும்பின. விளக்கறை மணிக்குள் எரிந்த முப்பத்திரண்டும் ஒரு துளி அசையவில்லை. அவன் மூச்சோ அவன் அடுப்போ அவன் திராவகமோ, எதுவும் அவ்வளவு உள்ளே எட்டாது. கையைக் கட்டலாம், கல்லில் அடைக்கலாம், பெயரைத் தின்னலாம். விளக்கைத் தொட முடியாது. எட்டு வெள்ளிப் பெண்களும் ஆறு கந்தகப் பிள்ளைகளும் அவன் காலை வாரிவிட்டு ஓடினார்கள். மணலரசி குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு மலையிறங்கினாள்.

ரொம்ப தூரம் நடந்தார்கள். பிறகு குழந்தை கேட்டது: "நீதான் என் அம்மாவா?"

"ஆமா."

"உன் முகம் எனக்கு ஞாபகமில்லையே."

"எனக்கும் உன் முகம் ஞாபகமில்ல, கண்ணு."

"அப்ப எப்படித் தெரியும்?"

"நீ என் கீழ்வீடு."

குழந்தை கொஞ்சம் யோசித்தது. சரி என்று தோன்றியிருக்க வேண்டும். இன்னொரு கையையும் கொடுத்தது. "நீ வெச்ச பேரை அவன் தின்னுட்டான்மா."

"இன்னொண்ணு வெக்கறேன்."

"நல்லதா வை."

ஊர் வரும்வரை மணலரசி ஒவ்வொரு பெயராகச் சொல்லிப் பார்த்தாள். ஒவ்வொன்றையும் குழந்தை உதட்டைப் பிதுக்கித் தள்ளியது. கடைசியில் காத்தாயி என்றதற்கு மட்டும் "ம்" என்றது. தின்னப்பட்ட பெயர் கடைசிவரை திரும்பி வரவே இல்லை. அது எப்படி ஒலித்திருக்கும் என்று மணலரசி தன் ஆயுள் முழுக்க யோசித்துக்கொண்டேதான் இருந்தாள்.

மூன்றாம் நாள் பொழுது சாய ஒரு சாண் இருந்தது. மனையில் ஊர் கூடியிருந்தது. பாஷாணத்தார் மூட்டைகளின் மேல் உட்கார்ந்து, "நகரட்டுமா, வேண்டாமா? ஒண்ணு சொல்லுங்க" என்று கத்திக்கொண்டிருந்தார். நீரகத்தார் கம்பத்தைப் பிடித்தபடி, "பொழுது சாயட்டும், பொழுது சாயட்டும்" என்றார்.

காத்தாயி எல்லைக்கல்லைத் தாண்டி மனைக்குள் கால் வைத்தாள். அவ்வளவுதான். வெறும் தரையில் வீடு எழும்பியது, சுவரும் கதவும் வந்தன, மின்மினிகள் சுற்றிச் சுற்றி வந்தன. இரண்டு, எட்டு, பதினெட்டு, கடைசிச் சுற்றில் நாலு.

"அட!" என்றார் நீரகத்தார். ஆச்சரியத்தில் கம்பத்தை விட்டுவிட்டார். இரண்டு பேர் காலைப் பிடித்துக் கீழே இழுத்தார்கள்.

ஆனால் பின்னாலேயே ஒரு குரல் வந்தது. "வா... வா... வா..." கலவைக்கூத்தன் தெருமுனையில் நின்று கையசைத்தான். கடைசிச் சுற்றில் எட்டுக்கு நாலு தானே இருந்தது? மற்ற நாலும் காலி. அந்தக் காலி இடங்கள் வழியாக அவன் குரல் உள்ளே நுழைந்தது. காத்தாயியின் கால்கள் தரையில் இழுபட்டன.

மணலரசி ஓடிப் போய் ஒரு கையைப் பிடித்தாள். அவளுடைய ஒரு மின்மினியும் குழந்தையின் ஒரு மின்மினியும் ஜோடியாகச் சுற்றின. ஒரு காலி இடம் நிறைந்தது. மூன்று பாக்கி.

"வெள்ளீயக்கா!"

வெள்ளீயக்கா குனிந்தாள், முனகினாள், கீழேயிருந்து ஒரு கையைப் பிடித்தாள். இரண்டு பாக்கி.

"உருகாயி!"

"தொட்டா உருகிடுவேனேக்கா! எனக்கு மூணுதானே இருக்கு, நாலுக்கு ஒண்ணு குறையுமே!" என்று அழுதுகொண்டே உருகாயி பிடித்தாள். குழந்தையின் கை குளிர்ச்சியாக இருந்தது. அவள் உருகவில்லை.

ஒன்று பாக்கி. வலது பக்கக் கை. அந்தப் பக்கம் பாஷாணத்தார் தம் மூட்டைகளுக்குப் பின்னால் நின்றார்.

"ஐயோ, அவரா?" என்றது கூட்டம். "விஷமாச்சே! பிள்ளையைத் தொடலாமா?"

பாஷாணத்தார் கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். காத்தாயி இழுபட்டுக்கொண்டே அவரைப் பார்த்தாள். "மாமா, என்ன நீங்க, வேடிக்கை பாக்கறீங்க? கையைக் குடுங்க."

அவர் கொடுத்தார். அவரிடம் ஐந்து இருந்தது; உருகாயிக்குக் குறைந்த ஒன்று அவரிடம் கூடுதலாக இருந்தது. குறைவும் கூடுதலும் சேர்ந்து சரியாகிவிட்டது. மேலே ஒருத்தி, கீழே ஒருத்தி, இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருவர். சுற்றில் எட்டும் நிறைந்தது. குரல் நுழைய ஓர் இடுக்குகூட இல்லை.

கலவைக்கூத்தன் இன்னொரு முறை "வா" என்றான். வா என்ற குரல் அவன் பக்கமே திரும்பிப் போய் அவனை உலுக்கியது. உப்பு தனியாக உதிர்ந்தது. துரு தனியாக உதிர்ந்தது. மணல், கரி, ஈயத்தூள், எல்லாம் அதனதன் குவியலாகத் தெருவில் நின்றன. குவியல்கள் தலையைச் சொறிந்துகொண்டு, "எங்க வீடு எது?" என்று கேட்டன. உப்பும் துருவும் மணலும் உள்ளே இருந்தவர்களாகப் பிரிந்து நிற்க, தலைவர் ஒவ்வொருவரையும் எண்ணைப் பார்த்து அவரவர் தெருவுக்கு அனுப்பிவைத்தார்.

எல்லோரும் கலைந்தார்கள். பாஷாணத்தார் மூட்டையை அவிழ்க்கப் போனார். உருகாயி நடு விரலைத் தடவிப் பார்த்துக்கொண்டே போனாள். நன்றாக இருட்டிவிட்டது. தனிமபுரியின் வழக்கப்படி வீட்டுக்கு ஒரே ஓர் ஆள்தான். மணலரசி மட்டும் மகள் வீட்டு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான் இந்த வாசப்படியிலேயே படுத்துக்கட்டுமா?"

"உன் வீடு தனியா இருக்கும்மா."

"இருந்துட்டுப் போகட்டும். காத்து சத்தத்துக்கு நீ பயப்படுவியே."

"எனக்குப் பயமில்லையே. உனக்கா?"

மணலரசி குனிந்தாள். குழந்தையின் நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை போட்டாள். கன்னத்தைத் தொட்டாள். இந்த முகத்தை இப்போதே படித்துவைத்துவிட வேண்டும் என்பது போல ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு வெளியே வந்தாள். கதவு சாத்திக்கொண்டது.

இத்தனை நாள் அங்கே கதவே இல்லை. கதவு இருந்திருந்தாலும், காலி வீட்டை வெளியிலிருந்துதான் பூட்ட முடியும். மணலரசி இருட்டில் காதைக் கதவோடு வைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே சின்னக் காலடி, அவளைவிடக் கொஞ்சம் கனமான காலடி, நிதானமாகக் கதவுக்கு வந்தது. எக்கி நின்றது போலிருக்கிறது. ஒரு முறை கை தவறியது.

"எட்டுதா, காத்தாயி?"

"எட்டுதும்மா."

உள்ளேயிருந்து தாழ்ப்பாள் விழுந்தது.